புது பேட்டரி போட்டும் சார்ஜ் ஏறவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

“அண்ணா, புது பேட்டரி போட்டும் சார்ஜ் ஏறல. ரெண்டாயிரத்து எழுநூறு ரூபா தண்டம்.” பக்கத்துத் தெருக் கல்லூரி மாணவி, லேப்டாப்பை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். “யாரும்மா மாத்தினது?” என்றேன். “நானேதான், வீடியோ பார்த்து.” கீழ் கவரைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. மதர்போர்டில் சொருகும் கனெக்டரின் இடது ஓரம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. விரல் நகத்தால் அழுத்தினேன். ‘டிக்’. அடாப்டரைச் சொருகியதும் ஆரஞ்சு லைட் எரிந்தது. அவளுக்கு வந்தது சந்தோஷமா, இதைக் கவனிக்காமல் விட்டோமே என்ற எரிச்சலா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பேட்டரி மாற்றிய பிறகு சார்ஜ் ஏறவில்லை என்றால் எல்லோரும் முதலில் திட்டுவது பேட்டரியைத்தான். என் மேஜைக்கு வந்தவற்றில் பேட்டரி நிஜமாகவே பழுதாக இருந்தது குறைவு. மாற்றும்போது கை பட்ட இடத்தில், மறந்துபோன ஒரு செட்டிங்கில், அல்லது ஆரம்பத்திலிருந்தே பழுதாக இருந்த அடாப்டரில்தான் பெரும்பாலும் கோளாறு இருந்தது.

லேப்டாப் பேட்டரி, டார்ச் லைட் பேட்டரி மாதிரி வெறும் பிளஸ், மைனஸ் உள்ள பொருள் இல்லை. அதன் கனெக்டரை உற்றுப் பாருங்கள், ஆறு, எட்டு, பத்து என்று பின்கள் இருக்கும். சில பின்கள் கரண்டுக்கு. இரண்டு பின்கள் பேசுவதற்கு. ஒன்று ‘நான் இங்கே சொருகப்பட்டிருக்கிறேன்’ என்று சொல்வதற்கு. பேட்டரிக்குள் ஒரு சிறு சர்க்யூட் போர்டு உண்டு. அதிலுள்ள ஐசி (சிப்) ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் அளந்துகொண்டே இருக்கும். ‘எனக்கு இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர் கொடு’ என்று மதர்போர்டிலுள்ள கன்ட்ரோலரிடம் கேட்பது அந்த ஐசிதான். கன்ட்ரோலர் அடாப்டர் பக்கம் திரும்பி ‘நீ எத்தனை வாட்?’ என்று பார்த்துவிட்டுத்தான் சார்ஜிங் ஐசிக்கு உத்தரவு போடும். பேட்டரி, மதர்போர்டு, அடாப்டர் ஆகிய மூவரில் ஒருவர் வாய் திறக்காவிட்டாலும் சார்ஜ் ஏறாது. வாய் திறக்காதவர் யார் என்பதை அறிகுறி காட்டிக்கொடுக்கும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். பழைய பேட்டரியை இன்னும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உப்பியிருந்தால் வேறு கதை, கடைசியில் சொல்கிறேன். உப்பாமல், சீக்கிரம் தீர்ந்துபோகிற ரகமாக இருந்தால், சோதனை செய்வதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டாவது, கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, அடாப்டரைப் பிடுங்கி, உள்ளே முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். கனெக்டரின் உடம்பைப் பிடித்துக் கழற்ற வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பேட்டரி சொருகியிருக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் ஒருமுறை வழுக்கினால் போதும், இரண்டாயிரம் ரூபாய் வேலை பத்தாயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

அறிகுறி: அடாப்டர் சொருகியும் லைட்டே இல்லை, ஆன் ஆகவே இல்லை

பேட்டரி மாற்றுவதற்கு முன்பு அடாப்டரில் நன்றாக ஓடிய லேப்டாப் இப்போது பிணமாகக் கிடக்கிறது என்றால் பயம் வரும். முதலில் பிளக் பாயிண்ட்டைச் சந்தேகப்படுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுச் சுவரில் நேராகச் சொருகிப் பாருங்கள். அடாப்டர் செங்கலில் இரண்டாகக் கழலும் வயர் இருந்தால் அதையும் அழுத்துங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஸ்க்ரூ எல்லாம் கழற்றிய பிறகு ‘சுவிட்சே போடவில்லை’ என்று தெரியவரும் அசிங்கம் எனக்கே நடந்திருக்கிறது.

அடுத்தது டிசி ஜாக் வயர். பல லேப்டாப்களில் அடாப்டர் சொருகும் ஓட்டை மதர்போர்டில் நேராக இருக்காது. ஒரு குட்டி வயரோடு தனியாக இருக்கும். அந்த வயர் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஓடி மதர்போர்டில் சொருகியிருக்கும். பேட்டரியைத் தூக்கும்போது அதையும் சேர்த்து இழுத்துவிடுவது மிகவும் சகஜம். கவரைத் திறந்து அந்த வயர் கழன்றிருக்கிறதா, பேட்டரிக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால், பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கியிருக்கும் கரண்ட் வடியும். பிறகு பேட்டரி இல்லாமலே அடாப்டரை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். பெரும்பாலான லேப்டாப் இப்படி ஓடும். ஆன் ஆகிவிட்டால் மதர்போர்டு உயிரோடு இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விடலாம். அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியைச் சொருகி மறுபடி பாருங்கள். பேட்டரி சொருகினால் மட்டும் செத்துப்போகிறது என்றால் பேட்டரியிலோ கனெக்டரிலோ ஷார்ட். அதற்கு மேல் முயற்சி வேண்டாம்.

லெனோவாவின் திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: திறக்கும் முன் பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங் பக்கத்தில், உள் பேட்டரியை முடக்கும் வசதி அதில் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் முடக்கிய பிறகு, அடாப்டரை ஒருமுறை சொருகும் வரை பேட்டரி விழிக்காது. பவர் பட்டனை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்த்துப் பயன் இல்லை. பல புது பேட்டரிகளும் கம்பெனியிலிருந்து வரும்போது இதே மாதிரி தூக்க நிலையில்தான் வரும். அதனால் எந்த மாடலாக இருந்தாலும், புது பேட்டரி போட்டதும் முதல் முறை அடாப்டரோடுதான் ஆன் செய்ய வேண்டும்.

அறிகுறி: அடாப்டரில் ஓடுகிறது, ஆனால் ‘பேட்டரி இல்லை’ என்று காட்டுகிறது

பேட்டரி ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி, அல்லது ‘நோ பேட்டரி இஸ் டிடெக்டட்’. இது எனக்குப் பிடித்த அறிகுறி. ஏனென்றால் தேட வேண்டிய இடம் மிகச் சிறியது. பேசும் பின்களில் தொடர்பு இல்லை என்பதுதான் இதன் பொருள்.

கனெக்டர் மூன்று விதமாக ஏமாற்றும். ஒன்று, மேலே சொன்ன மாதிரி ஒரு ஓரம் மட்டும் உட்காராமல் இருப்பது. கரண்ட் பின்கள் தொட்டிருக்கும், பேசும் பின்கள் தொடாது. பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, கனெக்டரின் மேல்பரப்பு மதர்போர்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு, மதர்போர்டுப் பக்கத்துப் பின் ஒன்று மடங்கியிருப்பது. மொபைல் கேமராவை ஜூம் செய்து படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். மடங்கிய பின்னைப் பேட்டரி கழற்றிய நிலையில், பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாக நிமிர்த்தலாம். உடைந்திருந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டும், அது சால்டரிங் வேலை. மூன்று, சில மாடல்களில் கனெக்டருக்கு மேல் ஒரு பூட்டுக் கம்பி அல்லது தள்ளும் கிளிப் இருக்கும். அதைப் பூட்டாமல் கவரை மூடிவிட்டால், லேப்டாப்பைத் திருப்பி வைத்ததும் கனெக்டர் நழுவிவிடும்.

வெளியிலிருந்தே கழலும் பேட்டரி என்றால் இன்னும் எளிது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய மெஷின்கள் பலவற்றில் இந்த ரகம்தான். அக்கா படித்து முடித்து, தம்பி கைக்கு வந்து, இப்போது வீட்டுக் கணக்கு எழுத ஓடிக்கொண்டிருப்பவை இன்னும் நிறைய உண்டு. பேட்டரியின் இரண்டு பக்கத் தாழ்ப்பாளும் முழுதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் பக்கத்துத் தகடுகளில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால், ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, காய்ந்த பிறகு சொருகுங்கள்.

கனெக்டர் சரியாக இருந்தும் பேட்டரி தெரியவில்லையா? பழைய பேட்டரியை எடுங்கள். அதைச் சொருகினால் தெரிகிறது என்றால், மதர்போர்டு நல்லது, புது பேட்டரிதான் குற்றவாளி. கடைக்காரரிடம் தைரியமாகப் பேசலாம். பழையதும் தெரியவில்லை என்றால், பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துப் பயன் இல்லை. மதர்போர்டுப் பக்கம் ஏதோ போயிருக்கிறது. கனெக்டருக்கு அருகிலிருக்கும் சிறு ஃபியூஸ் ஒன்றே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இங்கே அவசரப்பட்டு ஏமாறுவார்கள். கழற்றிய பேட்டரியின் பிளஸ், மைனஸில் அளந்தால் பூஜ்யம் காட்டும். ‘செத்த பேட்டரி’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பல பேட்டரிகள் லேப்டாப்பில் சொருகப்பட்டிருப்பதை உணர்ந்தால்தான் வாசலைத் திறக்கும். வெளியே கிடக்கும்போது பூஜ்யம் காட்டுவது அதன் பாதுகாப்பு, பழுது என்று அர்த்தமில்லை.

அறிகுறி: ‘இந்தப் பேட்டரி இந்த மெஷினுக்கு ஏற்றதல்ல’ என்ற செய்தி

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் இப்படி வந்தால், தொடர்பு நன்றாகவே இருக்கிறது. மெஷின்தான் ஏற்க மறுக்கிறது. 2012 வாக்கில் வந்த எக்ஸ்230, டி430 தலைமுறையிலிருந்து திங்க்பேட்களில் பேட்டரியின் அடையாளத்தைச் சரிபார்க்கும் ஏற்பாடு உண்டு. அடையாளம் பொருந்தாத பேட்டரியில் லேப்டாப் ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது. இதற்கு எந்த ரீசெட்டும் உதவாது. பேட்டரியைத் திருப்பிக் கொடுங்கள்.

செய்தி வராமலே பொருந்தாத பேட்டரியும் உண்டு. ஸ்டிக்கரில் வோல்டேஜைப் பாருங்கள். லித்தியம் செல் ஒன்றுக்கு ரகத்தைப் பொறுத்து 3.6, 3.7, 3.8, 3.85 வோல்ட் என்று எழுதுவார்கள். மூன்று செல் வரிசையாக இருந்தால் 10.8, 11.1, 11.4, 11.55 என்று வரும். நான்கு என்றால் 14.4, 14.8, 15.2, 15.4. பழையதில் 10.8, புதியதில் 11.1 என்றிருந்தால் கவலை வேண்டாம், ஒரே குடும்பம். பழையதில் 11.1, புதியதில் 14.8 என்றால் ஒரு செல் கூடுதல். உங்கள் மாடலுக்கு இரண்டும் பொருந்தும் என்று கம்பெனியே சொன்னாலொழிய அதைச் சொருகிவைக்காதீர்கள். உடம்பு அதே அளவு, கனெக்டர் அதே வடிவம் என்பதெல்லாம் சான்று ஆகாது. மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதைவிட, பழைய பேட்டரியின் மேல் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக் காட்டி வாங்குவது நல்லது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கடைக்காரர்கள் முதலில் கேட்பதும் அந்த நம்பரைத்தான்.

அறிகுறி: பேட்டரி தெரிகிறது, ஆனால் 0 சதவீதத்திலேயே நிற்கிறது

இங்கேதான் நல்ல பேட்டரிகள் அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுகின்றன. பொறுமை இல்லாததுதான் காரணம்.

லித்தியம் பேட்டரியைத் தனியாக விமானத்தில் அனுப்பும்போது 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று 2016 முதல் விதி இருக்கிறது. அந்தக் குறைந்த சார்ஜோடு வந்த பேட்டரி, கடை அலமாரியில் ஒன்றரை வருடம் தூங்கியது என்று வையுங்கள். செல்கள் தாமாகவே கொஞ்சம் கொஞ்சமாக வடியும். உள்ளிருக்கும் ஐசியும் துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்கும்போது செல் ஒன்றுக்கு 3 வோல்ட்டுக்கும் கீழே போயிருக்கலாம். அந்த நிலையில் பேட்டரி முழு கரண்ட்டைக் கேட்காது. பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி கொடுக்கிற மாதிரி, மிகக் குறைந்த கரண்ட்டில் ஏற்றி, வோல்டேஜ் நிமிர்ந்த பிறகுதான் சாப்பாடு. கஞ்சி நேரத்தில் திரையில் 0 சதவீதம் அசையாது. ‘நாட் சார்ஜிங்’ என்றுகூடக் காட்டும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: லேப்டாப்பை ஷட்டவுன் செய்து, கம்பெனி அடாப்டரைச் சொருகி, ஒரு மணி நேரம் தொடாமல் விடுங்கள். மூன்று மணி நேரம் விட்டும் 0 அசையாவிட்டால்தான் பேட்டரி மேல் சந்தேகம். இடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆன் செய்து பார்க்காதீர்கள். முதல் முறை ஏறும்போது நாம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் அவசியம். பேட்டரி தொட முடியாத அளவு சுட்டால் பிடுங்கிவிடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் அசையவில்லை என்றால் இரண்டாவது முயற்சி. அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி பிடித்து, மறுபடி சொருகுங்கள். கன்ட்ரோலர் இன்னும் பழைய பேட்டரியின் கணக்கை வைத்துக்கொண்டு குழம்பியிருந்தால் இதில் தெளியும். பல திங்க்பேட்களில் கீழ் கவரில் குண்டூசி அளவு ஓட்டை ஒன்று இருக்கும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் அதை அழுத்தினால் கவரைத் திறக்காமலே இந்த ரீசெட் ஆகிவிடும். விண்டோஸ் பக்கம், டிவைஸ் மேனேஜரில் பேட்டரிப் பிரிவில் ‘மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ’ என்று தொடங்கும் பெயரோடு இருப்பதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யலாம். எல்லா வீடியோவிலும் இதைத்தான் முதல் வைத்தியமாகச் சொல்வார்கள். காட்டும் எண் தவறாக இருந்தால் இது உதவும். நிஜமாகவே கரண்ட் போகாதபோது இதனால் எதுவும் நடக்காது; லேப்டாப் ஆஃபில் இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவது விண்டோஸ் இல்லையே.

இன்னொரு வீடியோ வைத்தியமும் உண்டு: பேட்டரியைப் பிரித்து, வெளியிலிருந்து செல்களுக்கு நேராகக் கரண்ட் கொடுத்து ‘உயிர்ப்பிப்பது’. தயவுசெய்து வேண்டாம். மிகவும் வடிந்துபோன செல்லுக்குள் தாமிரத் தகடு கரைய ஆரம்பித்துவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஐசி அந்தப் பேட்டரியை நிரந்தரமாகப் பூட்டிவைப்பது இதற்குப் பயந்துதான்.

அறிகுறி: 60 அல்லது 80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது

இது கோளாறே இல்லை. பேட்டரியின் ஆயுளைக் கூட்ட யாரோ போட்ட செட்டிங். அந்த யாரோ பெரும்பாலும் நீங்களேதான், இரண்டு வருடத்துக்கு முன்னால். பேட்டரி மாறினாலும் செட்டிங் மாறாது.

லெனோவா ஐடியாபேட் என்றால் வான்டேஜ் செயலியில் கன்சர்வேஷன் மோட். அசூஸ் என்றால் மைஅசூஸ் செயலியில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங். எச்பியில் பயாஸுக்குள் பேட்டரி ஹெல்த் மேனேஜர். டெல் என்றால் பயாஸில் சார்ஜ் கான்ஃபிகரேஷன். அதில் ‘கஸ்டம்’ என்றிருந்தால் எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் நிறுத்துவது என்று இரண்டு கட்டம் இருக்கும்.

தொடங்கும் எண்தான் ஆளைக் குழப்பும். 50-இல் தொடங்கு, 80-இல் நிறுத்து என்று போட்டிருந்தால், 55 சதவீதத்தோடு வந்த பேட்டரி 55-இலேயே நிற்கும். அது 50-க்குக் கீழே இறங்கினால்தான் ஏறத் தொடங்கும். ‘நாட் சார்ஜிங்’ என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் ஸ்டாண்டர்டு மோடில் வைத்து 100 வரை போகிறதா என்று பாருங்கள். போனால் பேட்டரி நல்லது. பிறகு விருப்பம் போல 80-க்கே மாற்றிக்கொள்ளுங்கள்; எப்போதும் அடாப்டரிலேயே ஓடும் லேப்டாப்புக்கு அதுதான் நல்லது.

திங்க்பேட் டி480 மாதிரி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேட்டரி உள்ள மெஷினில், இரண்டும் ஒரே சமயத்தில் ஏறாது. நீங்கள் மாற்றிய பேட்டரி தன் முறைக்காகக் காத்திருக்கலாம்.

அறிகுறி: ‘அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை’, அல்லது காரணமே சொல்லாமல் ‘நாட் சார்ஜிங்’

பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டவர்களில் சிலருக்கு உண்மையில் போனது அடாப்டர். பழைய பேட்டரி சார்ஜ் ஏறாமல் தீர்ந்தது. ‘பேட்டரி அவுட்’ என்று முடிவு கட்டினார்கள். புதியதும் அதே அடாப்டரில் ஏறவில்லை. இரண்டு பேட்டரியுமே நிரபராதி.

டெல் அடாப்டரின் முனைக்குள் பாருங்கள். நடுவில் ஊசி போல ஒரு பின் இருக்கும். அதில் கரண்ட் வராது. அடாப்டருக்குள் இருக்கும் ஒரு குட்டிச் சிப், ‘நான் 65 வாட்’ என்றோ ‘90 வாட்’ என்றோ லேப்டாப்பிடம் சொல்வது அந்த ஊசி வழியாகத்தான். ஊசி வளைந்தாலோ, முனைக்கு அருகே வயர் மடங்கி உள்ளே அறுந்தாலோ, அல்லது அந்தச் சிப்பே இல்லாத பொது அடாப்டரை வாங்கிச் சொருகினாலோ, லேப்டாப் ஓடும், வேகம் குறையும், பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. எச்பியின் வட்ட முனையிலும் இப்படி நடு ஊசி உண்டு. லெனோவாவின் செவ்வக முனையில் அதே வேலையை ஒரு ரெசிஸ்டர் செய்கிறது.

சரிபார்க்க, டெல்லில் ஆன் செய்ததும் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். பேட்டரிப் பக்கத்தில் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்ட வேண்டும். ‘அன்னோன்’ என்றோ ‘நாட் இன்ஸ்டால்டு’ என்றோ இருந்தால், முனையை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். சுழற்றும்போது வாட் தோன்றி மறைந்தால் முனையோ ஜாக்கோ தேய்ந்திருக்கிறது. தெரிந்தவர் யாரிடமாவது அதே கம்பெனி அடாப்டரை ஐந்து நிமிடம் கடன் வாங்கிச் சொருகிப் பார்ப்பதுதான் செலவில்லாத தீர்ப்பு. மல்டிமீட்டரில் 19.5 வோல்ட் வருகிறது என்பது இங்கே போதாது. கரண்ட் வரும், அடையாளம் வராமல் இருக்கும். அளக்கும்போது மீட்டர் முனை நழுவி நடு ஊசியையும் உள் வளையத்தையும் சேர்த்துத் தொட்டுவிட்டால், நன்றாக இருந்த சிப்பும் போய்விடும், ஜாக்கிரதை.

டைப்-சி வழியே சார்ஜ் ஆகும் லேப்டாப்களில் இந்தப் பேச்சுவார்த்தை இன்னும் அதிகம். பெரும்பாலான லேப்டாப்புக்கு 20 வோல்ட் வேண்டும். மொபைலோடு வந்த 20 வாட் சார்ஜர் பொதுவாக அவ்வளவு உயரம் போகாது. பெட்டியில் 65 வாட், 80 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், அது அந்தக் கம்பெனி போனோடு தனி மொழியில் பேசும்போது தருவது. லேப்டாப்போடு பொது மொழியில் பேசும்போது குறைவாகவே தரலாம். கேபிளும் முக்கியம். சாதாரண டைப்-சி கேபிளில் 3 ஆம்பியர்தான், அதாவது 60 வாட். அதற்கு மேல் போக உள்ளே சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். இரண்டு டைப்-சி ஓட்டை இருந்து ஒன்றில் மட்டும் சார்ஜ் ஏறும் மாடல்களும் உண்டு. இன்னொரு ஓட்டையையும் பார்த்துவிடுங்கள்.

ஆஃப் செய்தால் ஏறுகிறது, ஆன் செய்து வேலை பார்த்தால் நிற்கிறது அல்லது இறங்குகிறது என்றாலும் பதில் இதே இடத்தில்தான்: அடாப்டரின் வாட் போதவில்லை. 120 வாட் கேட்கும் கேமிங் லேப்டாப்பில் 65 வாட் சொருகினால் எந்தப் பேட்டரிதான் ஏறும்?

அறிகுறி: அரை மணியில் 100 காட்டுகிறது, 40-இல் அணைந்துவிடுகிறது

ஏறுகிறது, ஆனால் கணக்கு பொய். புது பேட்டரியின் ஐசிக்குச் செல்களின் உண்மையான கொள்ளளவு இன்னும் பழகவில்லை என்றால் இப்படி நடக்கும். 100 வரை ஏற்றி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, அடாப்டரைப் பிடுங்கி 5 சதவீதம் வரை ஓட்டி, இடையில் நிறுத்தாமல் மறுபடி 100 வரை ஏற்றுங்கள். இரண்டு முறை இப்படிச் செய்தும் திருந்தவில்லை என்றால் செல்கள் மட்டமானவை.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு (powercfg /batteryreport) பேட்டரி ரிப்போர்ட் கேட்டால் ஒரு பக்கம் தயாராகும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி, சைக்கிள் கவுண்ட் (எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஆகித் தீர்ந்திருக்கிறது என்ற கணக்கு) மூன்றையும் பாருங்கள். ஸ்டிக்கரில் 11.1 வோல்ட், 4400 மில்லி ஆம்பியர்-அவர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 48.8 வாட்-அவர். ரிப்போர்ட் மில்லி வாட்-அவரில் காட்டும் என்பதால் அதில் டிசைன் 48,800-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘புது’ பேட்டரியில் சைக்கிள் 300 என்று காட்டினால், யாருடைய வீட்டிலோ உழைத்து ஓய்ந்ததற்குப் புதுச் சட்டை போட்டு உங்களிடம் விற்றிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பேசிவிட வேண்டும்.

அறிகுறி: கொஞ்ச நேரம் ஏறி, சூடாகி, நின்றுவிடுகிறது

செல்லின் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் பல பேட்டரிகள் சார்ஜை நிறுத்தச் சொல்லும். மே மாதத்தில், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், மெத்தை மேல் வைத்து வேலை பார்த்தால் அது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மேஜையில் வைத்து ஆறவிட்டுப் பாருங்கள். ஆறியதும் தானாக ஏறத் தொடங்கினால் பேட்டரி தன் வேலையைத்தான் செய்கிறது. லேப்டாப் குளிர்ந்திருக்கும்போதும் பேட்டரி மட்டும் தனியாகச் சுட்டால் விஷயம் வேறு, கழற்றிவிடுங்கள்.

டச்பேட் மேலே எழும்புகிறது, கீழ் கவர் மூடவில்லை, மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. புதியதாக இருந்தாலும் பழையதாக இருந்தாலும் உடனே அடாப்டரைப் பிடுங்கி ஆஃப் செய்யுங்கள். அழுத்தி மூடுவது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது எல்லாம் தீயில் போய் முடியும். ஒட்டியிருந்தால் கத்தி, ஸ்க்ரூ டிரைவர் கொண்டு நெம்பவும் கூடாது. குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கொடுங்கள். உப்பிய பழைய பேட்டரியைச் சோதனைக்காகக்கூடத் திரும்பச் சொருக வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து முடியவில்லை என்றால்

இரண்டு பேட்டரியும் ஏறவில்லை, கடன் வாங்கிய அடாப்டரும் உதவவில்லை, கனெக்டர் கண்ணாடி மாதிரி சுத்தம் என்றால், மதர்போர்டில் சார்ஜிங் ஐசியோ அதைச் சுற்றியுள்ள மாஸ்ஃபெட்டோ (கரண்ட்டைத் திறந்து மூடும் குட்டி சுவிட்ச்) போயிருக்கலாம். அது வீட்டு வேலை இல்லை. போர்டிலுள்ள சிப்பையே கழற்றி மாற்றும் ‘சிப் லெவல்’ வேலை தெரிந்தவரிடம் போங்கள். ‘போர்டையே மாத்தணும்’ என்று முதல் வாயிலேயே சொல்பவரிடமிருந்து இன்னொருவரிடம் போங்கள். போகும்போது லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகாமல், அடாப்டர், புது பேட்டரி, உப்பாத பழைய பேட்டரி, பேட்டரி பில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்த மாணவி கொண்டுவந்த துண்டு இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.